காலியாக விடப்படும் நடு இருக்கையை எனக்குத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
இல்லத்தரசி,
(பெயரும் முகவரியும் இணைப்பிலுள்ள பயணச்சீட்டு நகலில் கண்டபடி)

பெறுநர்
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
விமானப் பயணிகள் குறைதீர்ப்பு அலுவலகம்.

பொருள்: அடிக்கடி பறப்பவர்களுக்கான சலுகை என்று சொல்லி, சாதாரண வகுப்பில் என் நாத்தனாரை என்னிடமிருந்து பிரித்து அவசரக் கதவை ஒட்டி உட்கார வைத்தது – அதனால் நேர்ந்தது – அடுத்த பயணத்துக்கும் அதே இருக்கை ஒதுக்கியிருப்பது – தடுத்து உதவக் கோருவது தொடர்பாக.

பார்வை: விமான நிறுவனத்திலிருந்து ஒரே நாளில் வந்த இரண்டு கடிதங்கள் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்புக்குரிய ஐயா,

1. சம்பவத்தின்போது யார் யார் எங்கே இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஆளுக்கொரு விதமாகப் பேச இடம் இருக்கக் கூடாது. அவசரக் கதவு உள்ள வரிசையில், கதவை ஒட்டிய சன்னல் இருக்கையில் என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை. அவளுக்கு அடுத்த நடு இருக்கையில் யாரும் இல்லை. அதற்கு அடுத்து, நடைபாதை ஓரத்தில், டை கட்டிய ஒரு பயணி. கடைசி வரிசையில், கழிப்பறைச் சுவரை ஒட்டி, நான். என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாய். எனக்கும் என் நாத்தனாருக்கும் நடுவே, பாதையை அடைத்துக்கொண்டு, சாப்பாட்டு வண்டியும் அதைத் தள்ளி வந்த பணிப்பெண்கள் இருவரும். ஒருவர் மூத்தவர், மற்றவர் வேலைக்குப் புதியவர். இதர பயணிகளும் பார்த்தார்கள். ஆனால் அவர்களை நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. என் கணவர் அங்கே இல்லை. கடவுள் இருந்தார் என்பது என் நம்பிக்கை. அதை மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

2. நான் வீட்டைக் கவனித்துக்கொள்பவள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. எழுத்தும் கணக்கும் பிற்பாடு நானாகக் கற்றுக்கொண்டவை. அரசு அலுவலகத்துக்கு எழுதுவது இதுவே முதல் தடவை. முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3. என் நாத்தனாருக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு நோய் இருக்கிறது. அவளுக்கு வருவது எடுத்த எடுப்பில் கீழே தள்ளும் வகை அல்ல. முதலில் பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். பிறகு கைகள் தாமாக வேலை செய்யத் தொடங்கும். எது அகப்படுகிறதோ அதைப் பிடித்துத் திருகும், இழுக்கும். துணி நுனி, டம்ளர், குழாய், எதுவானாலும் சரி. அந்த நேரத்தில் அவளுக்குத் தன்னினைவு இருக்காது. பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து அமுக்காமல், மெல்லப் பேசி, மூக்கில் மருந்தைத் தெளித்தால் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். பிடித்து அமுக்கினால் பெரிதாகிவிடும். எனக்குத் தெரிந்த வைத்தியம் இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்ய நான் கை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

4. எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்கும் கிடையாது. அவள் குளிக்கப் போனால் உள்ளிருந்து பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாட்டு நின்றால் நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். சில சமயம் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, நான் கரண்டியோடு ஓடி வந்து நிற்பதைப் பார்த்து, "சரணத்துக்கு மூச்சு விடவாவது விடுங்க அண்ணி" என்பாள். மேசை முனைகளுக்குத் துணி சுற்றியிருக்கிறோம். அடுப்பு என் பொறுப்பு. அவள் நன்றாகத் தட்டச்சு செய்வாள். ஒரு வக்கீலுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்து கொடுக்கிறாள். பேச்சில் அவளை யாரும் வெல்ல முடியாது. ஆனாலும் தனியாகத் தெருமுனை வரை போனதில்லை. இதை எழுதுவதற்குக் காரணம், பின்னால் வரும் விஷயம் உங்களுக்குச் சரியாக விளங்க வேண்டும் என்பதே.

5. அவளுக்கு மருந்து ஒத்துவருகிறதா என்று பார்த்து அளவை மாற்றித் தரும் மருத்துவர் தொலைவிலுள்ள ஊரில் இருக்கிறார். ரயிலில் போனால் தூக்கம் கெட்டு, வழியிலேயே வலிப்பு வந்துவிடுகிறது. அதனால் மாதம் ஒரு முறை விமானம். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் என் கணவருக்கு எல்லா மாதமும் விடுப்பு கிடைப்பதில்லை. எனவே ஒரு மாதம் அவர், ஒரு மாதம் நான் என்று துணைக்குப் போய் வருகிறோம். இந்த ஏற்பாட்டில் எதிர்பாராத ஒன்று நடந்தது. எல்லாப் பயணமும் செய்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் விமான நிறுவனத்தின் கணக்கில் அவளுக்கு மட்டும் புள்ளிகள் சேர்ந்து, வெள்ளி அட்டை வந்துவிட்டது. துணைக்குப் போன எங்களுக்குப் பாதிப் பாதிதான் சேர்ந்திருந்தது. ஆகவே நோயாளி வெள்ளி. பார்த்துக்கொள்பவர்கள் இருவரும் சாதா.

6. அந்த அட்டை வந்த நாளில் அவள் பட்ட சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு தவிர அவள் பெயர் அச்சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் உறை அது. "கால் நீட்ட அதிக இடம், வரிசையில் முன்னுரிமை, இயன்றவரை பக்கத்து இருக்கை காலி" என்று சலுகைகளை வாய்விட்டுப் படித்தாள். "பாத்தீங்களா, எனக்குன்னு ஒரு மரியாதை. உங்களுக்கும் அண்ணாவுக்கும் பொறாமையா இருந்தா ஓரமா நின்னு பட்டுக்குங்க" என்றாள். நாங்களும் சிரித்தோம். பக்கத்து இருக்கை காலி என்பதன் அர்த்தம் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

7. சென்ற பயணத்துக்கு இருவருக்கும் ஒரே பதிவில், அருகருகே இருக்கை எடுத்திருந்தோம். விமான நிலையத்தில் சீட்டு தரும் இடத்தில்தான் அவளை வேறு வரிசைக்கு மாற்றியிருப்பது தெரிந்தது. "சிஸ்டம் தானா மாத்திக் குடுத்திருக்கு மேடம். அவங்க வெள்ளி, நீங்க சாதா. அவங்களுக்கு ரொம்ப நல்ல சீட்டு" என்றார் அங்கிருந்த ஊழியர். அவள் பறக்கலாம், ஆனால் துணை அருகில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை நீட்டினேன். "இதையெல்லாம் ஏறுற இடத்துல காமிங்க" என்றார். ஏறும் இடத்தில் இருந்தவர், "இதை கவுன்ட்டர்லயே காமிச்சிருக்கணும்" என்றார். இரண்டு பேருமே கடிதத்தைப் பிரிக்கவில்லை. பின்னால் நின்றவர்களின் பெட்டிகள் என் காலை இடித்துக்கொண்டிருந்தன.

8. உள்ளே போன பிறகுதான் அது அவசரக் கதவு வரிசை என்று பார்த்தேன். டை கட்டியவரிடம், "தம்பி, உங்க சீட்டைக் கொஞ்சம் எனக்குத் தர முடியுமா, இல்லன்னா நடு சீட்டுல நான் உக்காந்துக்கறேன்" என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "இந்த சீட்டுக்காகத்தான்மா வருஷம் பூரா பறக்கறேன். நடு சீட்டு காலியா இருக்கணுங்கறதும் அந்தச் சலுகையிலதான் வருது" என்றார். மூத்த பணிப்பெண் வந்து, "எல்லாரும் உங்க உங்க இடத்துல உக்காருங்க, ஃப்ளைட் கெளம்பினப்புறம் பேசிக்கலாம்" என்று என்னைப் பின்னால் அனுப்பினார். போகும்போது நாத்தனாரிடம், மேலே உள்ள அழைப்பு விளக்கைக் காட்டி, ஏதாவது ஒரு மாதிரி இருந்தால் அமுக்கிவிடு என்று சொல்லிவிட்டுப் போனேன். அவள் காலை நீட்டிக் காட்டி, "போங்க சாதா அண்ணி, நிம்மதியா ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

9. நான் போன பிறகு நடந்ததை அவள் பின்னர் சொல்லித் தெரிந்துகொண்டேன். புதிய பணிப்பெண் அந்த வரிசைக்கு வந்து, ஆபத்து நேர்ந்தால் இந்தக் கதவைத் திறந்து மற்றவர்கள் வெளியேற உதவச் சம்மதமா என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். என் நாத்தனார், "சம்மதம்" என்றாள். ஏன் சொன்னாள் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். ஐயா, ஆஸ்பத்திரியில் எத்தனையோ படிவங்களில் சம்மதம் என்ற சொல்லுக்குக் கீழே அவள் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நான் போட்டிருக்கிறேன். அவள் போட்டதில்லை. அவளிடம் யாரும் கேட்டதும் இல்லை. அன்று ஒரு பெண் அவள் முகத்தைப் பார்த்து, பிறருக்கு உதவச் சம்மதமா என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள். குளியலறைத் தாழ்ப்பாளைக்கூட நாங்கள் ஒப்படைக்காத பெண்ணிடம் விமானத்தின் கதவு ஒப்படைக்கப்பட்டது, எனக்குத் தெரியாமல்.

10. விமானம் மேலே ஏறி நேரான பிறகு மூத்த பணிப்பெண்ணிடம் விவரம் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் சாப்பாட்டு வண்டி பாதையில் வந்துவிட்டது. அவள் வரிசையின் மேல் அழைப்பு விளக்கு எரிந்தது. வழி விடுங்கள் என்று கேட்டேன். "டாய்லெட் உங்க பின்னாடியே இருக்கும்மா" என்றார் புதிய பணிப்பெண். இல்லை, முன்னால் போக வேண்டும் என்றேன். "வண்டி தாண்டினதும் போங்க" என்றார். சன்னல் பக்கம் ஒரு கை எழுவதும் இறங்குவதும் இருக்கைகளுக்கு மேலாகத் தெரிந்தது. அது யார் கை என்று எனக்குத் தெரியாதா. இத்தனை வருஷமாக வெளியார் முன்னால் நாங்கள் சொல்லாமல் காத்த சொல்லை, விமானம் முழுவதும் கேட்கும்படி கத்திச் சொன்னேன். "அவளுக்கு வலிப்பு, அவளுக்கு வலிப்பு" என்றேன். எல்லாத் தலைகளும் திரும்பின. பருமனான ஒரு பெரியவர் எழுந்து தன் வரிசைக்குள் என்னை இழுத்துக்கொண்டார், வண்டி எங்களைத் தாண்டிப் போனது, நான் ஓடினேன்.

11. அங்கே என் நாத்தனாரின் விரல்கள் கதவுக் கைப்பிடியின் மேல்மூடியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தன. டை கட்டியவர் அவளது மணிக்கட்டுகள் இரண்டையும் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கதவைத் திறக்கறாங்கம்மா, கதவைத் திறக்கறாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரும் பயந்துதான் போயிருந்தார். அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. விளக்கை அமுக்கியதும் அவர்தானாம். கையை விடச் சொன்னேன். அவர் எழுந்து இடம் விட்டார். சலுகைக்காகக் காலியாக விடப்பட்டிருந்த நடு இருக்கையில் உட்கார்ந்து, மருந்தைத் தெளித்து, அவள் காதருகே அவளுக்குப் பிடித்த பாட்டை முணுமுணுத்தேன். ஆனால் அமுக்கியதால் அது பெரிதாகிவிட்டிருந்தது. முழு வலிப்பும் வந்து அடங்கும்வரை நான் வேண்டாத தெய்வம் இல்லை. பிறகு அவள் தலை என் தோளில் சாய்ந்தது. இறங்கும்வரை அந்த இருக்கையை விட்டு என்னை யாரும் எழுப்பவில்லை. அப்போது மட்டும் எந்தச் சலுகைக்கும் பங்கம் வந்ததாகத் தெரியவில்லை.

12. பறக்கும்போது அந்தக் கதவு யார் இழுத்தாலும் திறக்காது என்று பிற்பாடு சொன்னார்கள். தரையில் ஓடும்போது என்று கேட்டேன். அதை எழுதிக் கேட்கச் சொன்னார்கள். இறங்கியதும் சன்னல் இல்லாத ஓர் அறையில் எங்களை உட்கார வைத்து, காவலர் ஒருவர், "கதவை எதுக்குத் தொட்டீங்க" என்று, அரைத்தூக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார். அவளுக்கு எதுவும் நினைவில்லை. தன் மணிக்கட்டுகளில் இருந்த சிவப்புத் தடங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மருத்துவரின் கடிதத்தை அங்கேதான் முதன்முதலாக ஒருவர் பிரித்துப் படித்தார். பிறகு எங்களை விட்டுவிட்டார்கள்.

13. விஷயம் அதோடு முடியவில்லை. சென்ற வாரம் விமான நிறுவனத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பாதுகாப்புப் பிரிவிலிருந்து. அவசரக் கதவைத் திறக்க முயன்றதற்கு விளக்கம் தர வேண்டும், விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் தங்கள் விமானங்களில் பயணம் செய்யத் தடை விதிக்கப்படும் என்று அதில் இருந்தது. மற்றொன்று சலுகைப் பிரிவிலிருந்து. தொடர்ந்து பயணம் செய்யும் அவளைப் பாராட்டி, வரும் பயணத்துக்கும் "தாங்கள் சென்ற முறை மகிழ்ந்து பயணம் செய்த அதே இருக்கை" ஒதுக்கப்பட்டுள்ளதாக அதில் இருந்தது. அதே வரிசை, அதே கதவு. பக்கத்து இருக்கை காலி. எனக்குக் கடைசி வரிசை.

14. உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். பேசிய பெண், "சீட்டு நல்லா இல்லைன்னு எல்லாரும் சண்டை போடுவாங்க மேடம், நல்ல சீட்டு வேணாம்னு கேக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்றார். சலுகையைச் சேர்க்கத் தங்களிடம் வழி உண்டு, எடுக்க வழியில்லை என்றார். நானும் அதே வரிசைக்கு வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, நானும் வெள்ளி ஆக வேண்டும் என்றார். கதவைத் தொட்டதற்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்களே, மறுபடி கதவுப் பக்கமே உட்கார வைத்தால் எப்படி என்று கேட்டேன். "அது வேற டிபார்ட்மென்ட் மேடம்" என்றார். என் கணவரிடம் சொன்னபோது, "அப்ப நீயும் சும்மாவே போய்ட்டுப் போய்ட்டு வா, வெள்ளி ஆயிடுவே" என்றார். அவர் பயந்தால் இப்படித்தான் பேசுவார்.

15. அடுத்த பயணம் இம்மாதக் கடைசியில். மருந்தை மாற்றப் போகிறார்கள். நடந்த வலிப்பைக் கண்ணால் பார்த்தவரே துணைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பழைய மருந்து தீரும்போது புதியது கையில் இருந்தாக வேண்டும். முன்பு ஒரு முறை இடைவெளி விழுந்து, ஒன்று அடங்கும் முன் இன்னொன்று என்று வந்து, அவள் பிழைப்பாளா என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறோம். தடை விதித்தால் போக முடியாது. தடை விதிக்காவிட்டால் கதவருகே உட்கார வேண்டும். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. சமையலறையில் ஒரு மூடி விழுந்தாலும் தூக்கிவாரிப் போடுகிறது. கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தால் அந்த விளக்குதான் எரிகிறது. உண்மையைச் சொன்னால், இந்த மனுவை அனுப்பவும் பயமாக இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, வலிப்பு உள்ளவர்களை இனி ஏற்றவே வேண்டாம் என்று யாராவது முடிவு செய்துவிட்டால் அதற்கு நானே காரணமாகிவிடுவேன். அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். துணை பக்கத்தில் இருந்த பயணங்களில் எங்களால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் நேர்ந்ததில்லை.

16. இந்த மனுவை நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்பவள் என் நாத்தனார்தான். பத்தாம் பத்தியில் அவள் விரல்கள் நின்றன. "அவ்வளவு சத்தமாவா சொன்னீங்க" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "முன்னாடி வரைக்கும் கேட்டிருக்குமா" என்றாள். கேட்டிருக்கும் என்றேன். மேலே சொல்லச் சொன்னாள். பிறகு, வெள்ளி அட்டையையே ரத்து செய்துவிடுங்கள் என்று நான் ஒரு வரி சொன்னபோது அதை அடிக்க மறுத்துவிட்டாள். "அட்டை என்ன பண்ணுச்சு அண்ணி. என்னை ஒரு கேள்வி கேட்டாங்க, நான் மனசாரத்தான் பதில் சொன்னேன். உதவி பண்றியான்னு கேட்டவங்க, உதவி வேணுமான்னும் கேட்டிருந்தா அதுக்கும் ஆமான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். அந்த வரியை எடுத்துவிட்டோம். கீழே உள்ள கோரிக்கைகளில் கடைசி இரண்டும் அவள் சொன்னவை.

17. ஆகவே ஐயா அவர்களிடம் கேட்டுக்கொள்வது:

(அ) கதவைத் தொட்டது தொடர்பான விசாரணையை முடித்து, அவளுக்குப் பயணத் தடை விதிக்காமல் இருக்க உத்தரவிட வேண்டும். மருத்துவரின் கடித நகலும், மணிக்கட்டுத் தடங்களின் படமும் இணைத்திருக்கிறேன்.

(ஆ) இம்மாதக் கடைசிப் பயணத்தில் அவளை அவசரக் கதவு வரிசையிலிருந்து மாற்ற வேண்டும். எந்த வரிசையானாலும் சரி. கழிப்பறைச் சுவரை ஒட்டி இருந்தாலும் சரி, எனக்கு அது பழகிவிட்டது.

(இ) சலுகை என்று சொல்லி இருக்கையை மாற்றும் முன் அந்தப் பயணியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அண்ணனிடமோ அண்ணியிடமோ கேட்காமல் அவளிடமே கேட்க வேண்டும்.

(ஈ) அட்டை அவளிடமே இருக்கட்டும். அவளுக்குக் கால் நீட்ட இடம் தேவையில்லை, அவள் குள்ளம்தான். பக்கத்து இருக்கையைக் காலியாக விடும் சலுகைக்குப் பதிலாக, அதே இருக்கையைத் துணைக்கு வருபவருக்குத் தர வேண்டும்.

18. தங்கள் பதிலை அவள் பெயருக்கே அனுப்பினால் நல்லது. உறையின் மேல் அவள் பெயரை அச்சிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. பயணத்துக்கு முன் வந்து சேரும்படி, தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: இம்மாத முதல் திங்கள்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பயணியின் அண்ணி

முழுவதும் படித்தேன். சம்மதம்.
(கையொப்பம்)
பயணி